பொங்கல் லீவைத் தாண்டுமா உங்கள் பாக்டீரியா?

நவம்பர் கடைசியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் லேப் வாசலில் வந்து நிற்பது வழக்கம். "அக்கா, இந்த இலைச்சாறு ப்ராஜெக்ட் மட்டும் வேண்டாம்க்கா. வேற ஏதாச்சும் சொல்லுங்க." வேப்பிலை, துளசி, நொச்சி என்று ஏதோ ஓர் இலையை அரைத்து, அதில் தோய்த்த டிஸ்க்கைப் பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்து, மறுநாள் அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளக்கிற ப்ராஜெக்ட். சீனியர்கள் செய்தது, சீனியரின் சீனியர்கள் செய்தது. அலுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

மண்ணிலிருந்து, பாக்டீரியாவைத் தின்னும் பாக்டீரியாவைப் பிடியுங்கள் என்பேன். கண் விரியும். மறுநாளே இணையத்தில் தேடி, எதன் படம் அழகாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிப்ரவரியில் அழுகை.

அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் தீசிஸ் பைண்டிங்குக்குப் போக வேண்டும். நடுவில் பொங்கல் விடுமுறை, இன்டர்னல் தேர்வு, யாருக்காவது அக்கா கல்யாணம். கையில் நிகரமாக மூன்று மாதம் இருந்தால் அதிகம். இந்த மூன்று மாதத்துக்குள் மண்ணிலிருந்து எடுத்து, சுத்தப்படுத்தி, "இது உண்மையிலேயே வேட்டையாடுகிறது" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) காட்ட எது கைகொடுக்கும்? போட்டியில் மூன்று பேர்: டெல்லோவிப்ரியோ, மிக்சோகாக்கஸும் அதன் உறவினர்களும், லைசோபாக்டர்.

முதலில் டெல்லோவிப்ரியோ. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'ப்' உண்டு, வாயில் வராது, விடுங்கள். கிரேக்கத்தில் 'டெல்லா' என்றால் அட்டை, நம் கணுக்காலில் ஒட்டுகிற அதே அட்டை. 1962-ல் பெர்லினில் ஹைன்ஸ் ஸ்டோல்ப் என்பவர் மண்ணிலிருந்து பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், தேடிக்கொண்டிருந்தார். ஃபேஜ் இருந்தால், பாக்டீரியா படர்ந்த தட்டில் ஒரே நாளில் ஓட்டை, அதாவது பாக்டீரியா செத்துத் தெளிந்த இடம், தெரிந்துவிடும். தெரியாவிட்டால் தட்டைக் கழுவப் போட்டுவிடுவோம். அவர் போடாமல் விட்ட தட்டுகளில், சில நாள் கழித்துப் புதிதாக ஓட்டைகள் தோன்றின, நாளுக்கு நாள் பெரிதாகவும் ஆயின. ஃபேஜ் அப்படிச் செய்யாது. எடுத்துப் பார்த்தால், சின்னஞ்சிறு வளைந்த பாக்டீரியா ஒன்று பெரிய பாக்டீரியாவின் மேல் மோதிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஸ்டோல்பும் மார்ட்டிமர் ஸ்டாரும் சேர்ந்து பெயர் வைத்தார்கள்.

நான் முதல்முறை செய்தபோது ஸ்டோல்பின் கதை தெரியாது. இரண்டாம் நாள் தட்டைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அத்தனையையும் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி கொல்லும் பெட்டி) போட்டுவிட்டேன். பன்னிரண்டு தட்டு. ஆறாம் நாள் பக்கத்து மேஜை அண்ணன், நான் ஓரமாக மறந்து வைத்திருந்த பதின்மூன்றாவது தட்டைத் தூக்கிக் காட்டி, "இது உன்னோடதாம்மா?" என்றார். மிளகு அளவில் நான்கு தெளிந்த வட்டங்கள்.

இதன் கவர்ச்சி மைக்ராஸ்கோப்பில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. பேஸ் கான்ட்ராஸ்டில் (சாயம் ஏற்றாமலே உயிருள்ள செல்லைக் காட்டும் முறை) 100 மடங்கு ஆயில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈ.கோலை குச்சிகள் சாவகாசமாகத் திரியும். இடையில் புள்ளி மாதிரி ஏதோ பறக்கும். நொடிக்கு 160 மைக்ரான் வரை போகக்கூடியது, தன் நீளமோ ஒரு மைக்ரான்தான். மோதியதும் இரை சற்றே சுழலும். அப்புறம் வேட்டைக்காரன் உள்ளே போய்விடுவான். உள்ளே என்றால் நடுக்கூடத்துக்கு அல்ல, வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்துக்கு. சற்று நேரத்தில் குச்சியாக இருந்த ஈ.கோலை உருண்டையாகிவிடும். உள்ளே பாம்பு மாதிரி ஒன்று நீண்டுகொண்டே போய், துண்டு துண்டாகி, மூன்று முதல் ஆறு குட்டிகளாக வெடித்து வெளியே வரும். எல்லாம் மூன்று நான்கு மணி நேரத்தில். காலை காபிக்குப் பின் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு தலைமுறை.

வெளிச்சவ்வு வேண்டும் என்பதால், அது உள்ள கிராம் நெகட்டிவ் பாக்டீரியா மட்டுமே இதற்கு இரை. வெளிச்சவ்வு இல்லாத, கிராம் பாசிட்டிவான ஸ்டேஃபிலோகாக்கஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

செய்முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. வேர் ஒட்டிய மண் பத்து கிராம், பஃபரில் கலக்கி ஒரு மணி நேரம் ஷேக்கரில். மெதுவாக சென்ட்ரிஃப்யூஜ் செய்து மண்ணை இறக்கி, மேல் நீரை 0.45 மைக்ரான் ஃபில்டரில் விட வேண்டும். பெரிய பாக்டீரியா நின்றுவிடும், இது நழுவி வந்துவிடும். வந்ததை இரையோடு சேர்த்து, மெல்லிய மேல் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) கலந்து ஊற்றி, 28-30 டிகிரியில் ஒரு வாரம். மூன்று விஷயத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள். நியூட்ரியன்ட் பிராத் (பாக்டீரியாவுக்கான சத்துநீர்) பத்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும், முழு அளவில் போட்டால் இரை வளர்ந்துகொண்டே போய் ஓட்டையை மூடிவிடும். கால்சியம், மெக்னீசியம் உப்பு மறக்கக் கூடாது. இரையைக் கஞ்சி மாதிரி கெட்டியாக எடுக்க வேண்டும், கஞ்சத்தனம் கூடாது.

முதல் நாளே தெரிந்த ஓட்டைகள் ஃபேஜ். அவற்றை மார்க்கரில் சுற்றி வட்டம் போட்டு வைத்துவிட்டு, மூன்றாம் நாளுக்கு மேல் புதிதாக வருவதை மட்டும் தொடுங்கள். சந்தேகம் இருந்தால் குளோரோஃபார்ம் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபேஜ்கள் தாங்கும், டெல்லோவிப்ரியோ தாங்காது.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தால் அழுகை எங்கிருந்து வந்தது? பொங்கலிலிருந்து. இரை இல்லாமல் இது வாழாது. நீந்திக்கொண்டே இருக்கும் உயிர், செலவு அதிகம், கையிருப்பு குறைவு. போகிக்கு முதல் நாள் ஷேக்கரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள் ஒரு ஜூனியர். காணும் பொங்கல் முடிந்து, ஞாயிறும் சேர்ந்து, ஆறு நாள் கழித்து வந்தபோது ஃபிளாஸ்க் கலங்கியிருந்தது. இரை குறைந்ததும் வேட்டைக்காரன் பட்டினியில் போய்விட, தப்பிய இரை மிச்சம் பெருகிவிட்டது. ஓட்டை விழுந்த தட்டை நாலு டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருக்கும். மைனஸ் 80 ஃப்ரீசர் உள்ள இடமென்றால் கிளிசரால் ஸ்டாக்கே போட்டு வைக்கலாம். அது எத்தனை கல்லூரியில் இருக்கிறது, இருப்பது எத்தனையில் ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது அழுகை சீக்வென்சிங்கில். டெல்லோவிப்ரியோ எப்போதும் இரையோடுதான் இருக்கும். அந்தக் கலவையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் பிரைமர் (இனத்தை அடையாளம் காட்டும் மரபணுவை நகலெடுக்க உதவும் டி.என்.ஏ. துண்டு) போட்டு அனுப்பினால், காசு கட்டி, பத்து நாள் காத்திருந்து, வரும் ரிப்போர்ட்: ஈ.கோலை. நீங்கள் சோறு போட்ட இரையே திரும்பி வந்து சிரிக்கும். அனுப்பும் முன் மறுபடி 0.45-ல் வடிகட்டுங்கள், அந்தக் குழுவுக்கே உரிய பிரைமர் போடுங்கள்.

இன்னொன்று, தீசிஸ் முன்னுரையில் "ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று" என்று எழுதும் ஆசை. இது இரையை அடியோடு ஒழிப்பதில்லை. எப்போதும் ஒரு பகுதி பிழைத்து நிற்கும், அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வளர்த்துத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் மறுபடி மாட்டிக்கொள்ளும். அதாவது நிரந்தர எதிர்ப்புச் சக்தி இல்லை, அந்த நேரத்துக்குத் தப்பிப்பது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) விவரமானவர் என்றால் முதல் கேள்வியே இங்கேதான் விழும். பதிலை யோசித்து வைத்திருந்தால், அதுவே உங்கள் தீசிஸின் நல்ல அத்தியாயம்.

இனி மிக்சோ, அதாவது மிக்சோகாக்கஸும் அதன் உறவினர்களும். டெல்லோவிப்ரியோ ஒற்றையாள் திருடன் என்றால் இது ஊரே திரண்டு போய்க் கொள்ளையடிக்கிற கூட்டம். வேகம் நிமிடத்துக்குச் சில மைக்ரான். டெல்லோவிப்ரியோ ஒரு நொடியில் கடப்பதைக் கடக்க இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நீந்தத் தெரியாது, அகாரின் மேல் வழுக்கி ஊரும். இரையைத் தொட்டதும் செல்லை உடைத்து, வெளியிலேயே செரித்து உறிஞ்சும். கிராம் நெகட்டிவ், பாசிட்டிவ், ஈஸ்ட் என்று பாகுபாடு குறைவு. ஆனால் இரையும் சும்மா இருப்பதில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில் சில வகைகள் பேசில்லீன் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சுரந்து இதைத் தள்ளியே நிறுத்தும். இரைப் பட்டியலில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், "ஏன் இதை மட்டும் சாப்பிடவில்லை?" என்ற கேள்வி கிடைக்கும், அந்தக் கேள்வி நல்லது.

பட்டினி வந்தால்தான் இதன் அழகே. லட்சம் செல் வரை ஒன்றுகூடி, மேடு கட்டி, உள்ளே விதைத்துகளாக (ஸ்போர்) மாறி உட்கார்ந்துவிடும். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில், சில சமயம் வெறும் கண்ணிலேயே, ஆரஞ்சோ மஞ்சளோ பிரௌனோ ஆன சிறு முத்துகள். கோண்ட்ரோமைசிஸ் என்ற வகை குட்டி மரம் மாதிரி தண்டு விட்டுக் கிளைக்கும். இவற்றைப் பார்த்துப் பூஞ்சை என்றே பட்டியலிட்டு வைத்திருந்தார்கள். 1892-ல் ஹார்வர்டில் ரோலண்ட் தாக்ஸ்டர்தான், இது பாக்டீரியா என்று சொன்னார். பாக்டீரியா கூடி வீடு கட்டும் என்று அன்றைக்குச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

பிடிக்கும் வழி, சிரிக்காதீர்கள், புழுக்கை. முயல் புழுக்கைதான் பழைய பழக்கம், நாங்கள் ஆட்டுப் புழுக்கையே போடுகிறோம். காயவைத்த மண்ணைத் தட்டில் பரப்பி, ஈரமாக்கி, ஆட்டோகிளேவ் செய்த புழுக்கைகளைப் பாதி அமிழும்படி பதித்து, 30 டிகிரியில் விட்டுவிட வேண்டியது. ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் புழுக்கையின் முதுகில் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். இன்னொரு வழி, சத்தே இல்லாத வெறும் நீர் அகாரில் ஈ.கோலையைப் பெருக்கல் குறி மாதிரி தடவி, நடுவில் ஒரு சிட்டிகை மண். கோட்டை அரித்துக்கொண்டே விளிம்பு முன்னேறும். பூஞ்சை மண்டாமல் இருக்க சைக்ளோஹெக்ஸிமைடு சேர்ப்பார்கள். அது நமக்கும் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மண்ணைக் காயவைப்பதை அலட்சியமாக விடக் கூடாது. ஈர மண்ணை அப்படியே போட்டால் அமீபாவும் நூற்புழுவும் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் மிக்சோவின் விதைத்துகள் பத்திரமாக இருக்கும்.

இதன் கஷ்டம் சுத்தப்படுத்துவதில். கூட்டமாக ஊரும்போது மற்ற பாக்டீரியாவையும் சேலை முந்தானையில் ஒட்டிய நெருஞ்சி மாதிரி இழுத்துக்கொண்டே வரும். விளிம்பிலிருந்து மெல்லிய துண்டு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்று, மறுபடி விளிம்பு, மறுபடி துண்டு. முத்துகளை எடுத்து 58 டிகிரி நீரில் பத்து நிமிடம் வைத்தால் ஒட்டி வந்த பாக்டீரியாவில் பாதி ஒழியும், விதைத்துகள் பிழைக்கும். அப்படியும் மூன்று நான்கு வாரம் போகும். டெல்லோவிப்ரியோவில் இந்த வேலை ஒரு வாரம்.

ஆனால் சுத்தமாகிவிட்டால் நிம்மதி. கேசிடோன் (பால் புரதத்திலிருந்து செய்த சத்துப்பொடி) போட்ட ஊடகத்தில் இரையே இல்லாமல் வளரும், ஆகவே 16எஸ் ரிப்போர்ட்டில் ஈ.கோலை வந்து சிரிக்காது. வேட்டையை அளக்க என்ன கருவி வேண்டும் தெரியுமா? ஸ்கேல். அகாரில் இரையை ஒரு வட்டமாக வைத்து, பக்கத்தில் மிக்சோவை ஒரு சொட்டு. தினமும் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று குறித்தால் போதும், இரைக்கு இரை வித்தியாசம் தெரியும், வரைபடம் தானாக வந்துவிடும். பொங்கலைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் ஊரில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது அது பட்டினியில் முத்து கட்டியிருக்கும். திரும்பி வந்து போட்டோ எடுத்தால் தீசிஸின் முதல் படம் ரெடி.

மரபணுத்தொகுதியின் அளவையும் பாருங்கள். மிக்சோகாக்கஸ் சாந்தஸுக்கு 91 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, டெல்லோவிப்ரியோவுக்கு 38 லட்சம், நம் ஈ.கோலைக்கு 46 லட்சம். பெரிய சமையலறை, நிறைய மசாலா. சோராஞ்சியம் என்ற மிக்சோ உறவினரிலிருந்துதான் எபோதிலோன் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் கிடைத்தது, சாம்பெசி ஆற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்த வகை அது. அதிலிருந்து செய்த இக்ஸாபெபிலோன் 2007-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதை முன்னுரையில் தாராளமாக எழுதலாம், இது நடந்த விஷயம். 2021-ல் வந்த ஐரோப்பிய மண் ஆய்வு ஒன்று, மண்ணில் பாக்டீரியாவைத் தின்பவர்களில் பெரும்பங்கு புரோட்டோசோவா அல்ல, மிக்சோக்களே என்று காட்டியது. நாம் பாடப்புத்தகத்தில் அமீபாவையே படித்துக்கொண்டிருக்கிறோம்.

லைசோபாக்டர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வழுக்கி ஊரும் என்பதால் மிக்சோவோடு சேர்த்தே எண்ணப்பட்டு, 1978-ல் தனிப் பேரினமாகப் பிரிந்தது. முத்து கட்டாது. சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் இரண்டு நாளில் வளரும், கொழகொழவென்று மஞ்சள் பூத்த வெள்ளைக் காலனி. மூன்றிலும் வேலை சுலபம் இதில்தான். புரோட்டியேஸ், கைட்டினேஸ் என்று என்சைம் ஏராளம். புரோட்டீன் ஆய்வுக்கு வாங்குகிறார்களே லைஸ்-சி என்ற புரோட்டீன் வெட்டும் என்சைம், அது லைசோபாக்டர் என்சைமோஜீன்ஸிலிருந்து வருவது. ஃபியூசேரியம், ரைசாக்டோனியா மாதிரி பயிர்ப் பூஞ்சைகளையும் அடக்கும்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றே. தட்டில் தெளிந்த வளையத்தைக் காட்டி "வேட்டை" என்றால், எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்: "ஏம்மா, இது ஆன்டிபயாட்டிக் சுரந்து கொன்னதா, தின்னதா?" கொன்றதற்கும் தின்றதற்கும் வித்தியாசம் காட்ட, இரையைத் தவிர வேறு உணவே இல்லாத இடத்தில் லைசோபாக்டரின் எண்ணிக்கை கூடுகிறது என்று எண்ணிக் காட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சுற்றி வளைத்து மறுபடி இலைச்சாறு வளையத்துக்கே வந்து நிற்கிறீர்கள்.

வேறு சில பெயர்களும் இணையத்தில் கண்ணில் படும். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கசிடா என்பவர் 1980-களில் மண்ணிலிருந்து என்சிஃபர் அட்ஹேரன்ஸையும் குப்ரியாவிடஸ் நெகேட்டரையும் எடுத்தார். இரை கிடைத்தால் வேட்டை, இல்லாவிட்டால் மற்ற உணவு. நெகேட்டர் என்றால் கொலையாளி என்று பொருள். அந்தக் கொலையாளி இன்று பயோபிளாஸ்டிக் செய்யும் தொட்டியில் சமர்த்தாக வேலை பார்க்கிறது. படிக்கச் சுவாரசியம். மூன்று மாதத்தில் இவை வேட்டையாடுவதை நிரூபிப்பது சிரமம், ஒதுக்கிவிடுங்கள்.

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், தனியாள், ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் இன்குபேட்டரும் தவிர பெரிதாக எதுவும் இல்லாத லேப் என்றால் மிக்சோ. டிசம்பர் முதல் வாரமே தட்டு போட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஜனவரி வரை இழுத்தவர்களுக்கு மிக்சோ கிடையாது, சுத்தப்படுத்தவே மார்ச் ஆகிவிடும். அவர்களுக்கு நான் டெல்லோவிப்ரியோவைத்தான் சொல்வேன், அதுவும் லேப்பில் பேஸ் கான்ட்ராஸ்ட் இருந்து, லீவு நாளில் இரை மாற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால். ஹாஸ்டல் பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையும் ஜோடி சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்கள்தான் இதில் கரையேறியிருக்கின்றன. கைடு பயிர்நோய்க்காரர், பூஞ்சைதான் அவருக்கு முக்கியம் என்றால் லைசோபாக்டர் போங்கள், ஆனால் தலைப்பில் வேட்டை என்ற வார்த்தையைப் போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். தொட்டிச் செடி பரிசோதனையையும் சேர்க்கச் சொல்வார். செடி வளர்ந்து, நோய் வந்து, குணமாகி, மூன்று மாதத்தில் ஆகிற காரியமா அது? பணிவாக மறுத்துவிடுங்கள்.

இரையாக மருத்துவமனையிலிருந்து வாங்கிய ஐசொலேட் (நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமி) வேண்டவே வேண்டாம். பயிற்சிக்கு வைத்திருக்கும் கே-12 வகை ஈ.கோலை போதும்.

மிக்சோ என்று முடிவு செய்தவர்கள், இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால் பட்டிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஆடு அடையும் இடத்து மண் ஒரு கைப்பிடி, புழுக்கை ஒரு கைப்பிடி, தனித்தனியாக. செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பஸ்ஸிலேயே வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் அந்தப் பையை என் மேஜையில் வைக்காதீர்கள்.